ஆதாம், ஏவாள், ஒரு பாம்பு, கொஞ்சம் கருமருந்து

கல்கத்தாவில் ஸ்டீபன் ஸ்மித் என்று ஒரு பல் வைத்தியர் இருந்தார். 1891-இல் பிறந்த ஆங்கிலோ இந்தியர். முதலில் சுங்க இலாகாவில் உத்தியோகம், அப்புறம் போலீஸ், கடைசியில் பல் வைத்தியம். எதிரே நிற்பவனை "வாயைத் திற" என்று அதட்டலாம் என்பதைத் தவிர இந்த மூன்று வேலைக்கும் வேறு ஒற்றுமை எனக்குத் தெரியவில்லை. மனுஷனுக்கோ மூன்றிலும் மனசு ஒட்டவில்லை. அவருக்குத் தபால்தலைப் பைத்தியம். அதிலும் ஆகாயத்தில் பறந்து வந்த கடிதம் என்றால் உயிர்.

தபால்தலை சேர்ப்பவர்களை நாம் பரம சாதுக்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பூதக்கண்ணாடியும் இடுக்கியுமாக மூலையில் உட்கார்ந்திருப்பார்கள், வீட்டில் சோறு போட்டால் சாப்பிடுவார்கள், யாருக்கும் தொந்தரவில்லை. அப்படி நினைப்பவர்கள் 1930-களின் சரித்திரத்தைப் படிக்கவில்லை. அபூர்வமான உறை கடையில் கிடைக்கவில்லையா, அதை நாமே உண்டாக்கிவிடுவோம் என்று கிளம்பிய கூட்டம் அது. எப்படி உண்டாக்குவது? கடிதத்தை ராக்கெட்டில் அடைத்து விடுவதுதான்.

ஆரம்பித்து வைத்தவர் ஆஸ்திரியாக்காரர், ஃப்ரீட்ரிக் ஷ்மீடில். 1931 பிப்ரவரி 2-ஆம் தேதி ஒரு மலை மேலிருந்து கீழே இருக்கிற ஊருக்கு 102 கடிதங்களை ராக்கெட்டில் அனுப்பினார். போய்ச் சேர்ந்தது. மேலே இருப்பது கீழே வந்து சேருவதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கக் கூடாது. அடுத்தவர் ஜெர்மனியின் கெர்ஹார்ட் சூக்கர். இவர் ஸ்காட்லாந்துக்குப் போய், 1934 ஜூலை 28-ஆம் தேதி, ஸ்கார்ப் என்ற குட்டித் தீவிலிருந்து ஹாரிஸ் தீவுக்குக் கடிதம் அனுப்புவதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்தார். ராக்கெட் இருந்த இடத்திலேயே வெடித்தது. கருகிய கடிதங்கள் கடற்கரை முழுக்கப் பறந்தன. அசராமல் மூன்று நாள் கழித்து இன்னொன்று ஏவினார். அதுவும் அப்படியே. பிறகு பிரிட்டிஷ்காரர்கள் அவரை மரியாதையாக ஊருக்கே அனுப்பி வைத்தார்கள். நாட்டின் பாதுகாப்புக்கு மட்டுமல்ல, தபால் இலாகாவின் வருமானத்துக்கும் அவரால் ஆபத்து என்று காரணம் சொன்னதாகக் கதை. இரண்டாவது ஆபத்து எப்படி வரும் என்று எனக்குப் புரியவில்லை. அவரிடம் கடிதம் கொடுத்தவன் அடுத்த முறை நேராகத் தபாலாபீசுக்குத்தான் ஓடியிருப்பான்.

இத்தனையும் ஸ்மித்துக்குப் பாடமாக இருந்திருக்க வேண்டும். இரண்டே மாதத்தில் அவரும் களத்தில் இறங்கினார். ராக்கெட் செய்தது கல்கத்தாவின் பட்டாசுக் கம்பெனி. இடம், கங்கை கடலில் கலக்கும் சாகர் தீவு. 1934 செப்டம்பர் 30-ஆம் தேதி கப்பல் தளத்தில் ராக்கெட்டை நிறுத்தி, கரையைக் குறி பார்த்து, 143 கடிதங்களை உள்ளே வைத்துத் திரியைக் கொளுத்தினார்கள். சகரனின் பிள்ளைகள் அறுபதாயிரம் பேரைக் கபில முனிவர் கண்ணைத் திறந்தே சாம்பலாக்கியது அந்தத் தீவில்தான் என்பது ஐதீகம். அந்த மண்ணுக்கு எரித்துப் பழக்கம். ராக்கெட் நடுவானில் வெடித்துக் கடிதங்கள் நாலா பக்கமும் சிதறின. ஆனால் முனிவருக்கு வயதாகிவிட்டது போலிருக்கிறது, 140 கடிதங்களைப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள். மூன்றுதான் போச்சு. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு தேறுகிறது. போன மாதம் நான் ஆர்டர் செய்த மிக்சி ஜாடி வெடிக்காமலே காணாமல் போன கதையை நினைத்தால், ஸ்மித்தின் கம்பெனியில் கணக்குத் திறந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

வேறு ஆளாக இருந்தால் அன்றைக்கே பல் பிடுங்கப் போயிருப்பார். ஸ்மித் ஒரு ராஜாவைப் பிடித்தார். சிக்கிம் மன்னர் தாஷி நம்க்யால். மலை நாடு, மழைக்காலத்தில் பாதை அடைபட்டால் அடுத்த ஊருக்குக் கடிதம் போக வாரக்கணக்காகும். ஆற்றுக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு ராக்கெட்டில் தபால் போகும் என்றால் எந்த ராஜாதான் வேண்டாம் என்பார்? 1935 ஏப்ரலில் மன்னரே முன்னால் வந்து உட்கார, ராக்கெட்டுகள் வரிசையாகப் பறந்தன. கடிதம் போயிற்று, சிறு பொட்டலங்களும் போயின. இதுவரை தனியாளாகக் கிறுக்குப் பிடித்து அலைந்தவருக்கு இப்போது அரசவை, சேவகர், வேடிக்கை பார்க்க ஊர். ராக்கெட் விடுகிறவனுக்குக் கருமருந்தைவிட இது முக்கியம். தனியாக விட்டால் பட்டாசு, நாலு பேர் சுற்றி நின்றால்தான் ஏவுதல்.

அந்த மே மாதம் 31-ஆம் தேதி குவெட்டாவில் பூகம்பம். பல்லாயிரம் பேர் மாண்டார்கள். ஸ்மித்துக்கு உடனே ஒரு யோசனை: பாலம் இடிந்த இடத்துக்கு, வெள்ளம் சூழ்ந்த ஊருக்கு, உணவை ராக்கெட்டில் அனுப்பினால் என்ன? ஒரே வாரத்தில், ஜூன் 6-ஆம் தேதி, வங்காளத்து ஆறு ஒன்றின் மேல் சோதித்துக் காட்டினார். பொட்டலத்தில் அரிசி, தானியம், மசாலா, கூடவே பீடி. வீடு வாசலை இழந்து நிற்பவனுக்கு முதலில் என்ன தேவை என்பது போலீசில் இருந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. எந்த நிவாரணக் கமிட்டியும் இன்றுவரை பீடியைப் பட்டியலில் சேர்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இனித்தான் நம் கதாநாயகர்கள் வருகிறார்கள். அதே ஜூன் 29-ஆம் தேதி, தாமோதர் நதிக்கரை. ராக்கெட்டுக்குப் பெயர் டேவிட் எஸ்ரா. கல்கத்தாவின் பெரிய யூத தனவந்தரின் பெயர் அது; சொந்தமாக மிருகக்காட்சிசாலை வைத்திருந்தவர். ராக்கெட்டில் நூற்றுச் சொச்சம் கடிதங்களோடு ஒரு சேவலும் ஒரு கோழியும் ஏறின. பெயர், ஆதாம், ஏவாள். நம் முருகன் சேவலைக் கொடியில் வைத்தான், அதுவே பெரிய பதவி உயர்வு என்று நினைத்திருந்தோம். ஸ்மித் கருமருந்துக்கு மேலேயே உட்கார வைத்தார்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காலை வேளை. சேவலுக்கு இன்னும் கூவ நேரம் கிடைத்ததோ இல்லையோ. யாரோ ஒரு பல் வைத்தியர் காலைப் பிடித்துத் தூக்கி ஒரு குழாயில் திணிக்கிறார், பக்கத்திலேயே மனைவியையும் திணிக்கிறார். கீழே "உஸ்" என்று ஒரு சத்தம். அடுத்த நொடி ஆறு கால்மாட்டில் ஓடுகிறது. அதற்கடுத்த நொடி எதிர்க்கரை மணல். திறந்து பார்த்தால் இரண்டும் உயிரோடு இருந்தன. பேயறைந்த மாதிரி விழித்தன என்பதைத் தவிர வேறு சேதம் இருந்திருக்காது. எஸ்ராவின் தோட்டத்துக்குக் கொண்டுபோய் ராஜ மரியாதையாக வைத்திருந்தார்கள். மறு வருஷம் இயற்கையாகவே காலமாயின. கறிக்குழம்பில் முடியாத கோழி நூற்றில் ஒன்று இருக்குமா? அந்த ஒன்று ஆவதற்கு ராக்கெட்டில் ஏற வேண்டியிருக்கிறது.

ஆதாம், ஏவாள் ஆயிற்று. விவிலியம் படித்தவர் பாதியில் விடுவாரா? பின்னொரு ராக்கெட்டில் ஓர் ஆப்பிளையும், "மிஸ் க்ரீப்பி" என்ற பாம்பையும் வைத்து அனுப்பினார். ஆதியாகமத்தை அத்தியாய வரிசை மாறாமல் வானத்துக்கு அனுப்பிய ஒரே மனிதர் உலகத்தில் அவர்தான். 1934-இலிருந்து 1944 வரை ஏறக்குறைய 270 ராக்கெட்டுகள். அவற்றில் குறைந்தது எண்பது தபால் சுமந்தவை. 1951-இல் காலமானார். 1992-இல் இந்திய அஞ்சல் துறை அவர் படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டது. ராக்கெட் உறைகளுக்குத் தானே லேபிள் அடித்து ஒட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதே காலத்தில் ஜெர்மனியில் படித்தவர்கள் கூட்டமாகச் சேர்ந்து ராக்கெட் விட்டார்கள். 1927-இல் ஒரு விடுதியின் பின்னறையில் கூடிச் சங்கம் வைத்தார்கள். 1930-இல் பெர்லினுக்கு வெளியே கைவிடப்பட்ட வெடிமருந்துக் கிடங்கு ஒன்றைச் சொற்ப வாடகைக்கு எடுத்து, "ராக்கெட் விமான நிலையம்" என்று பலகை மாட்டினார்கள். பெட்ரோலை ஓசியில் வாங்கினார்கள், அலுமினியத்தை ஓசியில் வாங்கினார்கள், வேலையில்லாத மெக்கானிக்குகளுக்குத் தங்க இடம் கொடுத்து உழைப்பையும் ஏறக்குறைய ஓசியிலேயே வாங்கினார்கள். பதினெட்டு வயசுப் பையன் ஒருவன் உதவிக்கு வந்து போய்க்கொண்டிருந்தான். பெயர் வெர்னர் ஃபான் பிரவுன். ஒரு நாள் ராக்கெட் ஒன்று வழி தவறி எதிர்ப்புறம் போலீஸ்காரர்களின் கொட்டகை மேல் விழுந்து பற்ற வைத்தது. ஊரில் எத்தனையோ கூரை இருக்க, அந்தக் கூரைதான் கிடைத்தது. அதையும் பேசிச் சமாளித்தார்கள். கடைசியில் அவர்களைக் கவிழ்த்தது ஈர்ப்பு விசையும் அல்ல, ஆக்சிஜனும் அல்ல, தண்ணீர் பில். பாழடைந்த கட்டடங்களில் குழாய்கள் வருஷக்கணக்காக ஒழுகிக்கொண்டிருந்திருக்கின்றன. ஆயிரம் மார்க்குக்கு மேல் பாக்கி என்று சீட்டு வந்தது. நிலாவுக்குப் போவதற்குக் கணக்குப் போட்டவர்களில் ஒருவருக்கும் ஒழுகும் குழாயை மூடத் தோன்றவில்லை. சங்கம் கலைந்தது. பையனை அதற்கு முன்பே ராணுவம் கொத்திக்கொண்டு போயிருந்தது. பிறகு அவனுடைய ராக்கெட்டுகள் என்ன செய்தன என்பது லண்டன்காரர்களுக்குத் தெரியும். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

சரி, நம் ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து முதல் ராக்கெட் விட்டது எப்போது? 1963 நவம்பர் 21, திருவனந்தபுரம் பக்கத்தில் தும்பா. இந்தக் கதையைப் பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. கொடி பறக்க, கண்ணீர் மல்க, கனவு காணுங்கள் என்று முடிப்பார்கள். உண்மையில் அது நல்ல தமாஷான கதை. பூமியின் காந்த நடுக்கோடு தும்பா வழியாகப் போகிறது. மேல்வளியை ஆராய அதைவிட நல்ல இடமில்லை. ஆனால் அந்தக் கோட்டின் மேல் மீனவக் குப்பம் இருக்கிறது, மரிய மகதலேனா தேவாலயம் இருக்கிறது. விஞ்ஞானி விக்ரம் சாராபாய், பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேராவிடம் போய், உங்கள் கோயிலைக் கொடுங்கள், ராக்கெட் விட வேண்டும் என்று கேட்டார். இப்படி ஒரு கோரிக்கையோடு எந்த ஆயரிடமும் அதற்கு முன் யாரும் போயிருக்க மாட்டார்கள். அவர் ஞாயிறு பூசைக்கு வரச் சொன்னார். பூசையில் சபையாரைப் பார்த்து விஷயத்தை விளக்கி, கொடுக்கலாமா என்றார். "ஆமென்" என்றார்கள். நிலம் எடுக்கிற வழக்கென்றால் மூன்று தலைமுறை கோர்ட்டுக்கு நடக்கிற தேசத்தில், கலெக்டர் மாதவன் நாயர் 600 ஏக்கரை நூறு நாளில் முடித்துக் கொடுத்தார். என் கணக்கில் தும்பாவின் பெரிய சாதனை அதுதான், ராக்கெட் அதற்கப்புறம்.

தேவாலயம் அலுவலகம் ஆயிற்று. அதில் ஏற்கெனவே குடியிருந்த புறாக்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை, அவையும் காலி செய்யவில்லை. ராக்கெட் அமெரிக்காவின் நைக்கி அப்பாச்சி. அதன் மண்டையில் வைத்த சோடியம் கருவி பிரான்ஸ். நம்முடையது கோயில், தென்னந்தோப்பு, வேலையாட்கள். அமெரிக்காவில் பயிற்சி முடித்து வந்திருந்தவர்களில் ராமேஸ்வரம் அப்துல் கலாமுக்கு ராக்கெட்டை ஒருங்கிணைக்கிற பொறுப்பும் பாதுகாப்பும். ஈஸ்வரதாஸ் பாகங்களைப் பூட்டினார். ரேடார், தொலையளவை எல்லாம் ஆராவமுதன். சாயங்காலம் ஆறு மணி வாக்கில் ஏவ வேண்டும். ஏறக்குறைய 700 கிலோ எடையுள்ள ராக்கெட்டை லாரியில் கொண்டுவந்து கிரேனில் தூக்கினால், பாதி உயரத்தில் அது சாய்கிறது. கிரேனின் ஹைட்ராலிக் எண்ணெய் ஒழுகிவிட்டது. பொழுது சாய்கிறது, ராக்கெட்டும் சாய்கிறது. என்ன செய்வது? ஆளுக்கொரு பக்கம் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். கலாமே எழுதியிருக்கிறார். இந்திய விண்வெளி யுகம் தேர் நிலையில் சிக்கினால் ஊரே தோள் கொடுக்கிற அதே முறையில் தொடங்கியது.

6.25-க்கு ராக்கெட் கிளம்பியது. நூறு கிலோமீட்டருக்கு மேலே போய்ச் சோடியம் ஆவியைக் கக்கியது. அந்தி வானத்தில் ஆரஞ்சு நிறப் புகை பூத்தது. கேரளத்தில் அண்ணாந்து பார்க்காத தலை இல்லை. சாராபாய் வீட்டுக்குத் தந்தி அடித்தபோது விஞ்ஞானியாக அடிக்கவில்லை, பட்டாசு கொளுத்திய பையனாக அடித்தார். மறுநாள் உலகப் பத்திரிகைகள் இதை எப்படிக் கொண்டாடின என்று கேட்கிறீர்களா? மறுநாள் நவம்பர் 22. டல்லாஸில் கென்னடியைச் சுட்டுவிட்டார்கள். தும்பாவை யார் சீந்துவார்கள்?

இங்கே ஒரு சில்லறைப் பஞ்சாயத்தைத் தீர்த்துவிடுகிறேன். வாட்சப்பில் வருஷா வருஷம் வருகிற படம்: மாட்டு வண்டியில் செயற்கைக்கோள். "முதல் ராக்கெட்டை இப்படித்தான் கொண்டு போனார்கள்" என்று எழுதியிருப்பார்கள். அது 1981, ஆப்பிள் செயற்கைக்கோள். உலோகமில்லாத மேடை வேண்டுமென்று மரவண்டியைத் தேடிப் பிடித்தார்கள். காசில்லாமல் அல்ல, காரணத்தோடு. சைக்கிள் கேரியரில் ராக்கெட் மூக்கு இருக்கிற படம் தும்பாதான். ஆனால் அது 1966-இல் ஆன்ரி கார்த்தியே ப்ரெஸோன் எடுத்தது. இனிமேல் யாராவது அனுப்பினால் இதை வெட்டி ஒட்டி அனுப்புங்கள். குடும்ப குரூப்பில் இரண்டு நாள் அமைதி கிடைக்கும்.

தும்பாவின் பாதுகாப்புப் பொறுப்பாளரே சோடியம் கலவை தயாரிக்கும்போது ஒரு தரம் தப்பிப் பிழைத்திருக்கிறார். கூட வேலை செய்த சுதாகரின் நெற்றி வியர்வை ஒரு சொட்டு கலவையில் விழுந்து அறை தீப்பிடித்தது. சுதாகர் ஜன்னல் கண்ணாடியை உடைத்துக் கலாமை வெளியே தள்ளிவிட்டுத் தானும் குதித்தார். கைகாரர்களுக்கே இந்தக் கதி. அப்படியிருக்க, 1957-இல் ஸ்புட்னிக் பறந்த பிறகு அமெரிக்கப் பையன்கள் அத்தனை பேரும் கராஜில் உட்கார்ந்து குழாயில் மருந்து இடிக்கத் தொடங்கினார்கள். விரல் போயிற்று, கண் போயிற்று. காப்பாற்றியவர் நெப்ராஸ்காவில் செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல். 1954-இலேயே காகிதக் குழாய், பால்சா மர இறக்கை, இறங்கி வரக் குடை, ஆயத்தமாக அடைத்து வரும் சின்ன மோட்டார் என்று முறையாகச் செய்து வைத்திருந்தார். அதை ஹாரி ஸ்டைன் என்ற ராக்கெட் பொறியாளருக்கு அனுப்ப, விதிமுறை வந்தது: உலோகம் கூடாது, மருந்தை நீ கலக்காதே, தூரத்தில் நின்று மின்சாரத்தால் பற்ற வை, எண்ணிவிட்டு விடு. டென்வரில் வெர்ன் எஸ்டெஸ் என்ற பட்டாசுக் குடும்பத்துப் பிள்ளை, ஐந்தாறு நொடிக்கு ஒரு மோட்டார் துப்பும் எந்திரம் செய்து அதற்கு மேபல் என்று பேர் வைத்தார். மாதிரி ராக்கெட் பொழுதுபோக்கு பிறந்தது இப்படி. பல் வைத்தியர் தொடங்கியதைச் செருப்புக் கடைக்காரர் திருத்தி எழுதினார். விஞ்ஞானிகள் நடுவில் வந்து போனவர்கள்.

இனி கோலாலம்பூரில் நம் செந்தூலுக்கு வருவோம். ரயில் பட்டறை இருந்த ஊர் இது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிற கைகள் தலைமுறையாக இருந்தன. ஆனாலும் நம் ராக்கெட் ஞானம் தீபாவளி ராத்திரியில் காலி பாட்டிலோடு நின்றுவிட்டது. பட்டாசுக்குத் தடை இருந்த வருஷங்களிலும் செந்தூல் வானம் சும்மா இருந்ததில்லை என்பதை இதற்கு மேல் நான் விளக்கப் போவதில்லை. கருமருந்து மோட்டாருக்கு இங்கே 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் குறுக்கே நிற்கிறது. அதனால் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாய்த்தது தண்ணீர் ராக்கெட்.

எங்கள் தாமான் திடலில் பையன்கள் முதன்முதலாகக் கூட்டமாகச் சேர்ந்து அதை விட்டபோது பார்த்தேன். ஒன்றரை லிட்டர் பாட்டில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அட்டை இறக்கை, சைக்கிள் பம்பு. ஒருவன் பம்பு அடிக்கிறான், ஒருவன் கயிற்றைப் பிடித்திருக்கிறான், ஒன்பது பேர் ஆலோசனை சொல்கிறார்கள். பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் ஒட்டுக்கடைத் தேத்தண்ணியோடு வந்து நின்றார்.

"தம்பி, மேல போவும் சரி. எங்க விழும்?"

"தெரியாது அங்கள்."

"அப்ப எல்லாரும் ரெண்டு அடி பின்னாடி வாங்கடா."

கயிற்றை இழுத்தான். பாட்டில் பீய்ச்சிக்கொண்டு அடுக்குமாடி மூன்றாம் மாடி உயரத்துக்குப் போய், திரும்பி, ஆலோசனை சொன்ன ஒன்பது பேர் நின்ற இடத்துக்கே வந்தது. ஸ்மித்தும் பெர்லின்காரர்களும் கண்டுபிடித்ததைப் பையன்கள் ஒரே சாயங்காலத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். பம்பு அடித்தவன் மட்டும் நனையவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படிக் கிளம்பினால் தடுக்காதீர்கள். மூக்கு நுனியில் பஞ்சு சுற்றச் சொல்லுங்கள், பாட்டிலுக்கு நேரே குனிந்து பார்க்க விடாதீர்கள், மின்கம்பி இல்லாத திடலாகப் பாருங்கள். பக்கத்து வீட்டு அம்மா கொடியில் துணி காயப் போட்டிருந்தால் முதலில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். சாராபாயே கேட்டுவிட்டுத்தான் செய்தார்.